ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா

இல்ல இல்ல, அதை அடிச்சிடு. தூரத்துச் சொந்தம்னு எழுதாத. நான் அப்படிச் சொல்லவே இல்லையே. எங்க வீட்டுக்காரரோட அப்பாவும் எங்க அப்பாவும் கூடப்பிறந்தவங்கன்னுதான் சொன்னேன். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. அதுக்கு உன் தாள்ல தனிக் கட்டம் இருக்கும், மேல பாரு. ஆங், அதுதான். அதுல டிக் போடு. நல்லா அழுத்திப் போடு.

முதல்ல உக்காரு மகளே. நீ நின்னுக்கிட்டு கேக்குறதும் நான் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்றதும் ஏதோ போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு. பையை நான் மடியில வெச்சுக்குறேன், இடம் இருக்கு. அம்மான் பட்டணத்துலேர்ந்தா வர்றே? அஞ்சாம் வருஷமா? அப்ப அரை டாக்டர். காலையில முதல் பஸ் பிடிச்சிருப்பே, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது ஒண்ணும் சாப்பிடலைன்னு. இந்தா, ஸாத்தர் பொடி தடவின ரொட்டி. என் பொண்ணுக்குன்னு கட்டிக்கிட்டு வந்தேன், ரெண்டா இருக்கு. வேணாம்னு சொல்லாத, எனக்குக் கோவம் வரும். சாப்பிட்டுக்கிட்டே எழுது.

நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காத. நீ கேக்குற விதமே தப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னு கேட்டா, இந்தக் கரக் ஊர்ல ஒருத்தன் ஆமான்னு சொல்ல மாட்டான். அவன் அப்பனைத் திட்டுற மாதிரி அவனுக்குக் கேக்கும். ஒரே குலம், தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டு வேற பக்கம் பார்ப்பான். நீயும் எழுதிக்கிட்டுப் போயிடுவே. உன் ப்ரொஃபசர் அதைக் கூட்டிப் பெருக்கிப் புஸ்தகம் போடுவாரு. எல்லாம் பொய்.

நீ என்ன பண்ணு, படுத்திருக்கிறவனோட அம்மா பேரை முழுசாச் சொல்லச் சொல்லு. அவ பேரு, அவ அப்பன் பேரு, அவ தாத்தன் பேரு. அதை எழுதிட்டு, அப்பன் பேரையும் அதே மாதிரி கேளு. மூணாவது பேர் ரெண்டுலயும் ஒண்ணா வந்தா முடிஞ்சுது. சொந்தமான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாம். நான் இந்த வராந்தாவுல ஏழு வருஷமா உக்காந்து அப்படித்தான் கணக்கெடுத்தேன். ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு டயாலிசிஸ் மெஷின் ஓடும். அதுல ரெண்டு பேர் கிழவங்க, சர்க்கரை. அவங்களை விடு. மீதி ஒன்பது பேர்ல எட்டுப் பேருக்கு ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா. ஒம்பதாவது ஆளுக்கு அம்மா வழியில.

கண்ணாடி வழியாப் பாரேன், மூணாவது மெஷின்கிட்ட ஒரு பொம்பளை உக்காந்திருக்கா, தங்கப்பல். அவளும் என்கிட்ட தூரத்துச் சொந்தம்னுதான் சொன்னா. சரிதான்னுட்டு, பேச்சோட பேச்சா உங்க அப்பா யாரு, அவரு யார் மகன்னு கேட்டேன். சொன்னா. வீட்டுக்காரரு யார் மகன், அவங்க அப்பா யாருன்னு கேட்டேன். பாதி பேர் வாயில வந்ததும் அவளுக்கே புரிஞ்சு போச்சு. முக்காட்டு நுனியைக் கடிச்சுக்கிட்டா. ரெண்டு மாசம் என்கூடப் பேசலை. அப்புறம் அவ பொண்ணுக்குக் கையில ஊசி போடுற நரம்பு அடைச்சுக்கிட்ட அன்னிக்கு, இந்த பெஞ்சு முழுக்கக் காலியா இருந்தும் என் பக்கத்துல ஒட்டி வந்து உக்காந்தா. அவ்வளவுதான், சமாதானம்.

என் பேரா? இன்ஸாஃப். ஆனா அந்தப் பேர்ல இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க, உம்மு சுஹைப்னு கேட்டாத்தான் காட்டுவாங்க. சுஹைபோட அம்மா. அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. இருந்தாலும் காய்கறிக்காரன் கூப்பிட்டாலும் அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான், பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தாலும் அவன் பேரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவா. மூத்த பிள்ளை பேரு, மாத்த முடியாது.

எத்தனை பிள்ளைங்கன்னு இருக்கா? மூணு. உயிரோட ரெண்டு. சுஹைப், அப்புறம் ரஹாஃப்னு ஒரு பொண்ணு, இருபத்திரெண்டு வயசு, கடைசி யமான், இருபது. யமானுக்குத்தான் இங்க டயாலிசிஸ். ஏழாவது மெஷின்.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, சுஹைபுக்குத் தண்ணி. தண்ணி தண்ணின்னு குடிப்பான். ராத்திரி நாலு தடவை எந்திரிப்பான். பத்து வயசுப் பையன் படுக்கையை நனைச்சா என்ன பண்ணுவோம், திட்டுவோம். நான் அவனுக்கு ஒட்டகம்னு பேர் வெச்சேன். ஏ ஒட்டகம், குடிச்சது போதும்டாம்பேன். அவன் தம்பியும் தங்கச்சியும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பன்னண்டு வயசுல ஸ்கூல்ல மயங்கி விழுந்தான். இங்கதான் தூக்கிட்டு வந்தோம். அப்ப இருந்த டாக்டர், நல்ல மனுஷன், சாந்தமாத்தான் கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னாரு. எங்க வீட்டுக்காரர் ஃபவ்வாஸ் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள சொல்லிட்டாரு, ஒரே குலம் டாக்டர், தூரத்துச் சொந்தம்னு.

நான் பக்கத்துலதான் நின்னேன். இந்த நாக்கு இருக்கே, இதுக்குப் பயந்து எங்க தெருவுல கசாப்புக்காரன் எலும்பைத் தனியா நிறுப்பான். அந்த நாக்கு அன்னிக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

ஏன்னு கேக்காத. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இதே வராந்தாவுல நாங்க காத்திருந்தப்ப வேற ஒரு டாக்டர், பெரியப்பன் பொண்ணையும் சித்தப்பன் பொண்ணையும் கட்டிக்கிட்டு எங்க உயிரை ஏண்டா எடுக்குறீங்கன்னு ஒருத்தனைப் பத்துப் பேர் முன்னாடி கத்தினதை ஃபவ்வாஸ் பார்த்திருந்தாரு. பட்டாளத்துல இருபது வருஷம் இருந்த மனுஷன், அந்த மாதிரி ஒரு பேச்சை அவரால வாங்க முடியாது. கெட்டவர்னு நினைச்சுக்காத. என் மேல கை வெச்சதில்லை, பிள்ளைங்க சாப்பிடாம அவர் சாப்பிட்டதில்லை. ஆனா அந்த ஒரு பொய். அது ஃபைல்ல ஏறிடுச்சு. சொந்தம் இல்லைன்னா இது பரம்பரையா வர்றதுக்கு வாய்ப்புக் கம்மி, மத்த ரெண்டு பிள்ளைங்களை இப்போதைக்குச் சோதிக்க வேண்டாம்னு அந்த டாக்டர் சொன்னாரு. நாங்க எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா. எங்க பொய்யை நாங்களே சொல்லி, அதை டாக்டர் வாயால திருப்பிக் கேட்டு, நாங்களே நம்பினோம்.

எனக்குத் தெரியாதான்னு கேக்குறியா? நல்லாக் கேட்டே. நான் கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. பாதிப் பேர் கிறிஸ்தவப் பிள்ளைங்க, பாதிப் பேர் எங்களை மாதிரி. சிஸ்டர் க்ளெமான்ஸ்னு லெபனான்காரங்க, விஞ்ஞானம் எடுப்பாங்க. கையில ஸ்கேல் இல்லாம நான் அவங்களைப் பார்த்ததே இல்லை. பட்டாணிச் செடி பாடம் உனக்குத் தெரியுமில்ல? நாலு கட்டம் போடணும். மேல அப்பன், பக்கவாட்டுல ஆத்தா. ரெண்டு பேரும் பார்க்க நல்லாத்தான் இருப்பாங்க, ஆளுக்கு ஒரு குறையை உள்ள ஒளிச்சு வெச்சிருப்பாங்க. நாலு கட்டத்துல ஒரு கட்டத்துல அந்த ரெண்டும் வந்து சேரும். நான் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன், இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு மார்க்கு ஏன் குறைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதே வருஷம் கோடை விடுமுறையில ஃபவ்வாஸுக்கு என்னைப் பேசி முடிச்சாங்க. எனக்கு மருந்துக்கடைப் படிப்பு படிக்கணும்னு ஆசை. வேற ஒரு வீட்லேர்ந்தும் கேட்டாங்க, அந்தப் பையன் படிக்க வெப்பான்னும் சொன்னாங்க. ஆனா பெரியப்பா மகனுக்குத்தான் முதல் உரிமை, அவன் விட்டுக்குடுத்தாத்தானே வெளியே குடுக்கலாம். இவர் விட்டுக்குடுக்கலை. எனக்கு அப்ப அதுல கொஞ்சம் பெருமைகூட இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அந்த நாலு கட்டத்தையும் என் கல்யாணத்தையும் நான் ஒண்ணா வெச்சுப் பார்க்கவே இல்லை. பட்டாணிக்கும் நமக்கும் என்ன. மார்க்கு வாங்கினேன், புஸ்தகத்தைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்.

சுஹைபுக்குப் பதினாலு வயசுல நான் ஒரு கிட்னி குடுத்தேன். இடது பக்கம். அஞ்சு வருஷம் ஓடுச்சு. அந்த அஞ்சு வருஷமும் அவன் திங்காதது இல்லை. அதுக்கு முன்னாடி தக்காளி கூடாது, பேரீச்சம்பழம் கூடாது, மன்ஸஃப் கூடாது. அந்தக் கறிச்சோத்துல ஊத்துற மோர்க்கட்டியில எவ்வளவு உப்பு இருக்குன்னு உனக்குத் தெரியும். உருளைக்கிழங்கைச் சீவி ரெண்டு தண்ணியில ஊறவெச்சு, அதை வேகவெச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டினாத்தான் அவனுக்கு. கிட்னி வெச்ச முதல் பெருநாள்ல ஒரு முழுத் தட்டு மன்ஸஃப் தின்னுட்டு, கையைக் கழுவாமயே வாசல்ல உக்காந்திருந்தான். வாசனை போயிடுமாம். அப்புறம் உடம்பு அதை வேணாம்னு தள்ளிடுச்சு. மறுபடி இந்த மெஷின். நாலு வருஷம். ஒரு மாரிக்காலத்துல நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டான். எழுதிக்கோ, இருபத்திமூணு வயசு.

யமானுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு உன் தாள்ல இருக்கா? இருந்தா பதினாறு வயசுன்னு எழுது. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. நெஜத்தைச் சொல்லவா, எனக்கு அவன் பதிமூணு வயசுலயே தெரியும். ஒரு நாள் மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்து ஜாடியை எடுத்துத் தலையைப் பின்னாடி சாய்ச்சுக் குடிச்சான். குடிச்சு முடிச்சு மறுபடி ரொப்பினான். நான் வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே நின்னுட்டேன். மறுநாள் அந்த ஜாடியை எடுத்து மேல் அலமாரியில, மாவு டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிட்டேன். தண்ணி குடிக்கலைன்னா நோய் இல்லைன்னு ஆயிடுமா? சிஸ்டர் க்ளெமான்ஸ்கிட்ட பத்தொன்பது மார்க்கு வாங்கினவ பண்ற வேலையா அது? அவன் குழாயில வாய் வெச்சுக் குடிச்சான். அதையும் பார்த்தேன். சொந்தம் இல்லைன்னா வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணு வருஷம் சொல்லிக்கிட்டேன். இப்ப இருக்கிற டாக்டர் சொல்றாரு, முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது உம்மு சுஹைப்னு. ஆறுதலுக்குச் சொல்றாரு. அப்படித்தானே? நீ படிச்சவ, சொல்லு. சரி, சொல்லாத.

இப்ப கிட்னிக்கு வர்றேன். அதானே அடுத்த கேள்வி, யார் குடுக்க முன்வந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, முதல் நாளே வேணாம்னுட்டாங்க. என்கிட்ட இருக்கிறது ஒண்ணு, அதையும் எடுத்துக்கோன்னேன், டாக்டர் சிரிச்சாரு. சொந்தக்காரங்கதான் குடுக்கலாம்னு சட்டம். எங்களுக்கா சொந்தத்துக்குப் பஞ்சம். ஒரு கல்யாணம்னா நானூறு பேர் வந்து உக்காருவாங்க. ஒவ்வொரு வீடா ஃபவ்வாஸ் போனாரு. ஒருத்தனுக்கு நாங்க போன அன்னிக்கே முதுகு வலி வந்துச்சு. ஒருத்தன் பொண்டாட்டி அழுதா. ஒருத்தன் இன்ஷா அல்லாஹ்னு சொல்லிட்டு ஃபோன் நம்பரை மாத்திக்கிட்டான். நோய் வர்றப்ப எல்லாரும் ஒரே தாத்தா. கிட்னி கேட்டதும் பாரு, அத்தனை பேரும் தூரத்துச் சொந்தம் ஆயிட்டாங்க.

ரஹாஃப் குடுக்குறேன்னா. ஆமா, என் பொண்ணு. யாருக்கும் சொல்லாமப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்து, தம்பிக்கு என்னுது சேருது அம்மான்னா. அவளையும் முழுசாச் சோதிச்சாங்க, அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ரெண்டும் நல்ல கிட்னி. அவங்க அப்பா ஒரேயடியா முடியாதுன்னுட்டாரு. கல்யாணம் ஆகாத பொண்ணு, விலாவுல ஒரு சாண் வெட்டோட இருந்தா எவன் கட்டுவான், பிள்ளை பெத்துக்குவாளான்னு எவன் நம்புவான்னாரு. நான் மூணு நாள் கத்தினேன். எனக்கு இருக்கே வெட்டு, நான் சமைக்கலையா, நடக்கலையா, உங்ககிட்ட வாய் பேசலையான்னு கத்தினேன். நாலாவது நாள் நானும் சும்மா இருந்துட்டேன். நானும் இந்த ஊர்க்காரிதானே மகளே. அவ வயசு ஏறிக்கிட்டே போறது என் கண்ணுக்கும் தெரிஞ்சுது.

ஒருத்தன் வந்தான். அவனைப் பத்திச் சொல்லணும்னா ரெண்டு வருஷம் பின்னாடி போகணும். குதைபான்னு பேரு, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன். அந்த அண்ணன் எனக்கு மச்சினரும்தான், பெரியப்பா மகனும்தான், சிரிக்காத. குதைபாவுக்கு இருபத்தேழு வயசு, கிரேன் ஓட்டுறான். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினா அதிகம். சின்ன வயசுலேர்ந்து ரஹாஃப் மேல அவனுக்கு ஒரு இது. ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு கேட்டாங்க. ரஹாஃப் மாட்டேன்னா. நான் அவ பின்னாடி நின்னேன். பின்னாடி என்ன, முன்னாடியே நின்னேன். அவன் அம்மா, எங்க ஓரகத்தி வீட்டுக்குப் போய், அவ சமையல் மேஜையில சர்க்கரைப் பெட்டியோட அட்டையைக் கிழிச்சு வெச்சு, நாலு கட்டம் போட்டுக் காட்டினேன். இது சுஹைப், இது யமான், இது உன் பேரப்பிள்ளைன்னு பேனாவால குத்திக் குத்திக் காட்டினேன். என் பொண்ணு பெத்து அதை ஏழாவது மெஷின்ல கொண்டு போட நான் உயிரோட இருக்குற வரைக்கும் விட மாட்டேன்னேன். குதைபா வாசல்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். ஆனா தன் உரிமையை விட்டுக்குடுக்கலை. தஃபீலாலேர்ந்து ஒரு வாத்தியார் வீட்ல கேட்டு வந்தாங்க, நல்ல இடம், நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. பொண்ணோட பெரியப்பா மகன் இன்னும் தன் பங்கை விடலைன்னு காதுல விழுந்ததும் அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்புறம் யாரும் வரலை.

அந்தக் குதைபாதான். போன வருஷக் கடைசியில யார்கிட்டயும் சொல்லாம அம்மான் போய் சோதிச்சுக்கிட்டு வந்திருக்கான். எல்லாம் பொருந்துது. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு, அண்ணன் தம்பிக்குக் கூட இவ்வளவு பொருந்தாதாம். எங்களுக்கு என்ன ஆச்சரியம், நாங்க எல்லாரும் ஒரே மாவுல சுட்ட ரொட்டி. பெருநாள் கழிஞ்சு ரெண்டாவது வாரம் ஆபரேஷன், தேதி குடுத்தாச்சு. கமிட்டியில கூப்பிட்டுக் கேட்டாங்க, பணம் ஏதும் கைமாறுதா, யாராவது வற்புறுத்துறாங்களான்னு. ஒரு ஃபில்ஸ் காசு கூடக் கைமாறலைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நெஜம்தான், மாறலை.

வாழ்த்துச் சொல்றியா? சொல்லு மகளே, சந்தோஷம். எல்லாரும் சொல்றாங்க. யமான் இப்பவே மன்ஸஃப் கணக்குப் போடுறான். அண்ணனை மாதிரி வாசல்ல உக்காந்து திம்பேங்குறான். எனக்கும் சந்தோஷம்தான். மூஞ்சியே அப்படி, நீ அதைப் பார்க்காத.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னா, எது, யமானுக்கா? இல்ல, இன்னிக்குத் திங்கக்கிழமை. அவனுக்கு ஞாயிறு, செவ்வாய், வியாழன். அந்தத் தங்கப்பல்காரி பொண்ணுக்கும் அதே கிழமைதான் இருந்துச்சு, போன மாசம்தான் மாத்தினாங்க. இன்னிக்கு வீட்ல தூங்குறான். கீழ லேபுக்குத்தான் வந்தேன். அங்க உக்கார இடம் இல்லை, காலு பழக்கத்துல இங்க கூட்டிட்டு வந்துடுச்சு. நீ கையில தாளோட வந்து நின்னியா, சரி, கேக்குற பிள்ளைக்குச் சொல்லுவோம்னு உக்காந்துட்டேன்.

லேப்ல என்னன்னா... அந்தப் பொருத்தம் வந்த மறுவாரம் ஓரகத்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினா. ஆலிவ் உடைச்சுக்கிட்டு இருந்தா, ஊறுகாய்க்கு. நானும் ஒரு கல்லை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். அவ கெட்டவ இல்லை. சுஹைப் போனப்ப என் வீட்ல நாப்பது நாள் அவதான் சமைச்சா. அழுதா. கிட்னி குடுத்தே தீருவேன்னு பையன் பிடிவாதமா இருக்கான், நான்தான் வேணாம்னு சொல்றேன், என்னை மன்னிச்சிடுன்னா. இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை இன்ஸாஃப், ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவ பொண்ணு குடுப்பான்னு கேட்டா.

கேள்வி மாதிரிகூடக் கேக்கலை, சும்மா புலம்பினா. நியாயம்தானே. எங்க வீட்டுக்காரர் என் பொண்ணுக்குச் சொன்ன அதே நியாயம். நான் குடுக்குறேன்னேன்.

யாரும் என்னை அதைக் கேக்கலை மகளே. அவங்க பேரம் பேசலை, அந்தப் பையன் பேசவே இல்லை. இந்த வாய்தான். அவ கையில இருந்த கல்லு நின்னுடுச்சு. என் கை நிக்கலை, நான் பாட்டுக்கு உடைச்சுக்கிட்டே இருந்தேன், ரெண்டு பேரும் சேர்ந்து அன்னிக்கு ஒரு தகரம் நிறைய உடைச்சோம். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய மனுஷங்க பத்துப் பேர் எங்க வீட்டுக்கு வந்தாங்க. காப்பிக் கோப்பையைத் தொடாம முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க, கேட்ட பொண்ணைத் தர்றேன்னு சொன்னாத்தான் குடிப்பாங்க. ஃபவ்வாஸ் குடிங்க, பொண்ணு உங்களுதுதான்னாரு. குடிச்சாங்க. அவருக்கு ஒரே நிம்மதி. குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சுன்னு கண்ணு கலங்கிட்டாரு.

ரஹாஃப் கிட்டயா? அதுக்கு முந்தின நாளே சொன்னேன். தம்பிக்கு உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு இருந்தா. கத்துவான்னு நினைச்சேன், கத்தினா நல்லாயிருக்கும்னு காத்துக்கிட்டு நின்னேன். அவ மிச்சக் கிழங்கையும் சீவித் தண்ணியில போட்டா. கையைத் துடைச்சா. என் பிள்ளைக்கு யார் குடுப்பாங்கம்மான்னு கேட்டா.

நான் என்ன சொன்னேனா? கிழங்குத் தண்ணியை மாத்தணும்னு குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

தெரியும் மகளே, அந்தச் சோதனை இருக்குன்னு தெரியும். டாக்டர்கிட்ட கேட்டேன். யமான் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி எந்த இடத்துல குறைன்னு கண்டுபிடிக்கணும், அப்புறம் ரஹாஃப், குதைபா ரெண்டு பேர்கிட்டயும் அது இருக்கான்னு பார்க்கணும். பார்த்து? ரெண்டு பேர்கிட்டயும் இருக்குன்னு வந்தா நான் என்ன பண்ணட்டும்? காப்பியைக் கக்குங்கன்னு சொல்லவா? இல்ல, கிட்னியை வாங்கிக்கிட்டுப் பொண்ணைக் குடுக்க மாட்டேன்னு சொல்லவா? அதுக்கு அப்புறம் எனக்கு எதுக்கு நாக்கு. வேணாம், நீயும் ஒண்ணும் கணக்குப் போட்டுச் சொல்லாத. அந்தக் கட்டத்தை நான் ஸ்கேல் வெச்சுப் போட்டவ.

பேனாவை மூடு, போதும். அதோ படியேறி வர்றா பாரு, நீலக் கோட்டு. முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கிக்கிட்டு வர்றாளே, அவதான். அவகிட்ட ஒண்ணும் கேக்காத. பின்னாடி நாலு படி தள்ளி வர்றான் பாரு, அவன்தான் குதைபா. நல்ல பையன். அவனும் ரத்தம் குடுத்துட்டு வர்றான். கல்யாணத்துக்கு முன்னாடி தலசீமியாங்குற ரத்தக் குறை இருக்கான்னு பார்ப்பாங்களே, அந்தக் காகிதத்துக்கு. அது இல்லாம காஜி கல்யாணத்தை எழுத மாட்டாரு. அது ஒண்ணைத்தான் பார்ப்பாங்க, வேற எதையும் பார்க்க மாட்டாங்க. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க. நல்லபடியாத்தான் வரும். எங்க குடும்பத்துல அந்தக் குறை யாருக்கும் கிடையாது.